எச்சில் தொட்டுத் துடைத்த படம்

போனில் கேட்ட முதல் கேள்வியே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. எத்தனை நாளாகும், என்ன செலவாகும் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். இந்தக் குரல், சருகை மிதிப்பது போன்ற ஒரு கிழக்குரல், எடுத்த எடுப்பிலேயே, நீங்க எச்சில் தொட்டுத்தானே துடைப்பீங்க என்று கேட்டது. ஆமாம் என்றதும், அப்போ நாளைக்கே வாங்க என்று வைத்துவிட்டது.

பழைய ஓவியங்களில் படிந்த அழுக்கை எடுப்பது அவள் தொழில். எந்நேரமும் கையில் பஞ்சு சுற்றிய குச்சி இருப்பதால் அருங்காட்சியகத்தில் அவளுக்குப் பஞ்சு என்றே பெயர் நிலைத்துவிட்டது. எச்சிலைப் போலச் சாதுவான மருந்து கிடையாது என்பாள். வெதுவெதுப்பாக இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும், அடியில் இருக்கிற வண்ணத்தின் வம்புக்குப் போகாது. சட்டம் ஒன்றே ஒன்று. குச்சியை வாயில் நனைத்து, படத்தில் உருட்டி, அத்தோடு குப்பையில் போட்டுவிட வேண்டும். படத்தைத் தொட்ட பஞ்சு மறுபடி வாய்க்குப் போகக் கூடாது.

மறுநாள் கிளம்புகிற அவசரத்தில், பக்கத்து வீட்டில் விடுவதற்காக நிறுத்தி வைத்திருந்த மகளின் கன்னத்தில் பற்பசை காய்ந்து போயிருந்ததைப் பார்த்தாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு அழுத்தித் துடைத்தாள்.

"சீ, எச்சி" என்று குட்டி முகத்தை இழுத்துக்கொண்டாள்.

"இதுக்கு ஊர்ல காசு குடுக்கறாங்கடி. உனக்குன்னா ஓசி."

தெருக்கோடியில் இருந்தது அந்த வீடு. கதவைத் திறந்த சமையல்காரம்மா, வாங்க என்பதைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். உள்ளே ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. பகல் வெளிச்சம் வாசலோடு நின்றுவிட்டதுபோல் இருந்தது. மூடிய அலமாரியைத் திறந்தால் வருகிற வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று, மருந்துப்புட்டியின் கழுத்தில் காய்ந்திருக்கிற மருந்து மாதிரி. வழியெல்லாம் சமையல்காரம்மா தன் குறையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். வைக்கிற தட்டு வைத்தபடியே திரும்புகிறதாம். தான் இந்த வீட்டுக்கு வந்த நாளாக, நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லையாம்.

சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டியிருந்தது படம். தோள்வரை ஒரு பெண். முகம் முழுக்கப் பழுப்பு மூடி, தேநீருக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தாள். மேஜையின் மறுபக்கம், சக்கர நாற்காலியில் கிழவி. எலும்பின்மேல் தோலைப் போர்த்தி உட்கார வைத்தது போலத்தான் இருந்தாள். கையில் தண்ணீர் டம்ளர். ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணை இறுக்கி மூடினாள்.

படத்தில் இருப்பது தன் அக்கா என்றாள். பஞ்சு பெட்டியைத் திறந்து திரவப் புட்டிகளை எடுத்து வைத்ததும் கிழவியின் முகம் மாறிவிட்டது.

"அதெல்லாம் வேணாம்மா. முன்னாடி வந்தவங்க எல்லாம் புட்டி ஆளுங்க. அனுப்பிட்டேன்."

பஞ்சுவும் வற்புறுத்தவில்லை. ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தாள். நனைத்து, உருட்டி, எறிந்து, அடுத்த குச்சி. பழுப்பு கழன்று பஞ்சில் ஏறியது. அடியில் நீலம் கண் விழித்தது. அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் இந்தத் தொழிலில் இருந்தாள்.

கிழவி பேச்சுக்குக் குறைவு வைக்கவில்லை. இது எண்ணெய் வண்ணமா, தண்ணீர் வண்ணமா, வெடிப்பு ஏன் விழுகிறது, மேலே பூசியிருக்கிற மெருகு எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எண்ணெய் வண்ணம் மேலே காய்ந்தாலும் உள்ளே காய நெடுநாள் ஆகும், பொறுக்காமல் மேலே பூசினால் வெடிக்கும் என்று பஞ்சுவும் சலிக்காமல் சொன்னாள். யாராவது கேட்டால் அவளுக்குப் பிடிக்கும். ஒரு படத்தை எப்படித்தான் பார்ப்பது என்று கிழவி கேட்டதற்கு, எட்ட நின்று ஒருதரம், கிட்ட வந்து ஒருதரம், போகும்போது திரும்பி ஒருதரம் என்றாள்.

ஒன்றை மட்டும் அவள் கவனிக்கவில்லை. கேள்வி கேட்கிற நேரமெல்லாம் கிழவி படத்தைப் பார்க்கவே இல்லை.

பஞ்சுவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வானம், தோள், காது எல்லாம் முடிந்து ஒரு பிற்பகலில் உதட்டுக்கு வந்தாள். அங்கே அழுக்கு வேறு மாதிரி இருந்தது. மற்ற இடங்களில் புகை. இங்கே, உதட்டின்மேல் உதடு வைத்து எடுத்த தடம்.

யாரோ முத்தம் கொடுத்திருக்கிறார்களே என்றாள்.

"நான்தான். எங்கக்கா சிரிக்கிறாளா அழறாளா? நல்லாப் பாத்துச் சொல்லு."

பஞ்சு, அந்தத் தடத்தில் அரைச்சுற்று உருட்டிய குச்சியோடு தலையைப் பின்னால் சாய்த்தாள். இரண்டும் இல்லை, எதற்கோ காத்திருக்கிற வாய் அது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே, யோசனையில் பேனாவைக் கடிப்பதுபோல், கையிலிருந்த குச்சியை வாயில் வைத்தாள்.

கசந்தது.

நாக்கில் தொடங்கித் தொண்டை வரை இறங்கி, காதுக்குள் ஏறுகிற கசப்பு. ஓடிப்போய்த் துப்பினாள். கொப்பளித்தாள். தண்ணீரும் கசந்தது.

பின்னால் கரண்டி தட்டில் உரசும் சத்தம் கேட்டது.

கிழவி மேஜையில் கிடந்த காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும். ஜாமைக் கரண்டியோடு வாய்க்குள் விட்டுக்கொண்டாள். கன்னமெல்லாம் கண்ணீர். கதவோரம் சமையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இனிக்குது" என்றாள் கிழவி. பிறகு குரலைத் தணித்து, "உனக்குக் கசக்குதா?"

சமையல்காரம்மாவைப் பால் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள், மெல்லுவதை நிறுத்தாமலே. அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தது, அவளுக்குப் பணிவிடை செய்தே தன் இளமை முழுக்கக் கரைந்தது, ஒருநாள் போதும் என்று தோன்றியது, மருந்தை டம்ளர் முழுக்க ஊற்றிக் கொடுத்தது.

"கண்ண மூடிட்டுக் குடி அக்கான்னேன். பாதியில, இன்னும் எவ்வளவு இருக்குன்னு கேட்டா. ஒரு மடக்குதான்னு சொன்னேன். அக்கா என்னை நம்பினா."

சாவுக்கு வந்தவர்கள் பார்க்கட்டும் என்று படத்துக்கு முத்தம் கொடுத்தாளாம். அன்றிலிருந்து அக்கா நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எச்சில் வழியாகத்தான் வருவாள், எச்சில் வழியாகத்தான் போவாள், ஒரு நேரத்தில் ஒருத்தியிடம்தான் இருப்பாள்.

"நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?" என்றாள் பஞ்சு.

"ஒண்ணும் பண்ணல கண்ணு. எனக்குப் பசிச்சுது." கிழவி விரலை நக்கினாள். "எனக்கே திருப்பி விடலாம்னு பாக்காத. கோவிச்சிட்டுக் கிளம்பின வீட்டு வாசல மறுபடி மிதிக்கவே மாட்டா எங்கக்கா. உயிரோட இருந்தப்பவே அப்படித்தான்."

பஞ்சு பெட்டியைக்கூட எடுக்காமல் வெளியே வந்தாள். வாசலில், பழக்கதோஷத்தில், திரும்பி ஒருதரம் பார்த்தாள்.

படத்தின் உதட்டில் பழுப்பு இல்லை. காத்திருக்கிற தோரணையும் இல்லை.

வீட்டில் தனி டம்ளர், தனித் தட்டு வைத்துக்கொண்டாள். மகளுக்கு முத்தம் கொடுப்பதை நிறுத்தினாள். கேட்டதற்குச் சளி என்றாள். இது என்னோடு போகட்டும் என்று அவள் முடிவு செய்தது வாஸ்தவம். ஆனால் சர்க்கரை கசந்தது, பால் கசந்தது, தூங்கி எழுந்தால் வாயில் ஊறிய எச்சிலே கசந்தது. இடுப்பில் உடை நிற்கவில்லை.

ஒரு மதியம் குட்டி அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "ஏம்மா கண்ண மூடிட்டு வாயத் திறந்துட்டே நிக்கற?"

அவளுக்கு, தான் அப்படி நின்றது தெரியவே தெரியாது.

அன்று சாயங்காலம் குட்டி ஒரு காகிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தாள். ஒரு கையில் பாதி கடித்த பிஸ்கட். மெழுகு வண்ணம் விரலெல்லாம், மூக்கெல்லாம்.

"நீ எப்பவும் சொல்வியே, அந்த மாதிரி பாக்கணும். மொதல்ல எட்ட."

எட்ட நின்று பார்த்தாள். ஒரு மேஜை, மேஜையைவிடப் பெரிய தட்டு, தட்டுக்குப் பின்னால் ஒரு பெண். கிட்ட வந்து பார்த்தாள். பெண்ணுக்குக் கன்னங்கள் உப்பியிருந்தன.

"நீதாம்மா. நீ வயிறு முட்டச் சாப்பிடற மாதிரி வரைஞ்சேன்."

பஞ்சு காகிதத்தைக் கீழே வைத்தாள். மண்டியிட்டு மகளின் முகத்தை ஏந்திக்கொண்டாள். உதட்டோரத்தில் பழுப்பு வண்ணம் தீற்றியிருந்தது. கை தன் போக்கில் போயிற்று. கட்டைவிரல் நாக்கைத் தொட்டது, மகளின் உதட்டோரத்தைத் துடைத்தது.

குட்டி, சீ எச்சி என்று சொல்லவில்லை.

உதட்டை ஒருமுறை நக்கினாள். அசையாமல் நின்றாள்.

பஞ்சுவின் வாயில் ஒன்றுமே இல்லை. வெறும் எச்சில். சுத்தமாக, ஒரு ருசியும் இல்லாமல்.

வேண்டாம் என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. மகளின் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கி, பல் பட்டு ஈரமான அந்த ஓரத்தைத் தன் வாய்க்குள் திணித்தாள். கசந்துவிடு, கசந்துவிடு என்று மென்றாள்.

இனித்தது.

கடைசித் துணுக்கு வரை இனித்தது.

குட்டி மெதுவாக அவள் மடியில் சாய்ந்தாள். கண்களை மூடிக்கொண்டாள். உதடுகள் தாமாகப் பிரிந்தன. எத்தனையோ நாள் படுக்கையில் கிடந்த ஒருத்தியின் அலுப்போடு, பொறுமையோடு, அந்தச் சின்ன வாய் கேட்டது.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"