ஏசி போட்டாச்சு!

"கிர்ர்ர்ர்ர்!"

சுவரைத் துளைக்கும் சத்தம் கேட்டுச் சித்தி துள்ளிவிட்டாள். அவள் கையிலிருந்த பெரிய அட்டைப்பெட்டியும் துள்ளியது. மறுபக்கம் பிடித்திருந்த வாலு வயிற்றால் முட்டுக்கொடுத்து அதைத் தாங்கிக்கொண்டாள்.

வாலு ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். உண்மையான பெயர் பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் இருக்கிறது. வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

பெட்டிக்குள் இரண்டு அடுக்கு கேக். மேலே வெண்ணெய்க் கிரீமில் செய்த இருபத்திரண்டு ரோஜாக்கள். இதுவரை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மட்டுமே கேக் செய்துவந்த சித்திக்கு, ஒரு விழா மண்டபத்திலிருந்து வந்த முதல் ஆர்டர் அது. நன்றாக அமைந்தால் இங்கே நடக்கும் பிறந்தநாள்களுக்கெல்லாம் இனி அவள்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஆனால் மண்டபம் அடுப்பு மாதிரி கொதித்தது. ஏணிமேல் நின்று மெக்கானிக் அண்ணன் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது? ஏசி போட்டாச்சுன்னு சொன்னீங்களே!" என்றாள் சித்தி.

"போட்டாச்சே! அதோ பாருங்க, நாலு மிஷின்." மேனேஜர் பெருமையாகச் சுவரைக் காட்டினார்.

"அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது?"

"இன்னும் ஓடலையேம்மா. பைப் மாட்டணும். ஆறு மணிக்கு ஓடிடும்."

"இப்ப மணி நாலு! ஆறு மணிக்குள்ள என் ரோஜாவெல்லாம் ரசமாயிடும்!"

"நேத்தே தெளிவா மெசேஜ் அனுப்பினேனே."

"நானும் தெளிவாத்தானே படிச்சேன்!"

வாலு சித்தியின் போனை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் ஒரே வரி: 'ஹால் ஏர்கண்டிஷன்ட்.'

"சித்தி, இந்த வார்த்தையை வியாழக்கிழமைதான் எங்க மிஸ் நடத்தினாங்க. வினைச்சொல். 'எங்கப்பா தினமும் ராத்திரி ரூமை ஏர்கண்டிஷன் பண்றார்'னு நான் எழுதிட்டேன். 'உங்கப்பா தினமும் சுவத்துல ஓட்டை போட்டு மிஷின் மாட்டுறாரா?'ன்னு மிஸ் கேட்டாங்க. கிளாஸே சிரிச்சுது."

ஏணிமேலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது.

"ஒரு இடத்துக்கு மிஷின் மாட்டி, குளிர்ச்சிக்கு வசதி பண்றதுதான் அது. சும்மா சுவிட்சைத் தட்டுறதுக்கு 'டர்ன் ஆன்'. நம்ம ஆளுங்க ரெண்டுக்கும் 'ஏசி போடு'ன்னு சொல்லிடுறோம். சார் மாட்டினதைச் சொன்னார். நீங்க ஓடுதுன்னு நினைச்சீங்க," என்று விளக்கினாள் வாலு.

"பாத்தீங்களா, என் இங்கிலீஷ் சரிதான்!" என்றார் மேனேஜர்.

"உங்க இங்கிலீஷ் உருகாது சார். என் கேக் உருகுமே!"

சித்தி பெட்டியைத் திறந்தாள். ஒரு ரோஜா தலை சாய்ந்திருந்தது.

வாலு குளிர்ந்த இடம் தேடித் தெருவுக்கு ஓடினாள். பக்கத்து போன் கடையில் 'குளிரூட்டப்பட்டது' என்று பலகை தொங்கியது. உள்ளே கடைக்காரர் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார். பலகையை நம்பினால் வேலைக்கு ஆகாது. எங்கே ஏசி ஓடுகிறதோ அங்கே வெளியே குழாயில் தண்ணீர் சொட்டும். தெரு முழுக்கக் கண்ணை ஓட்டினாள்.

எதிரே ஒரு குழாய் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. வாலு மண்டபத்துக்குத் திரும்பி ஓடினாள்.

"அதோ ஓடுது சித்தி! தூக்குங்க!"

மெக்கானிக் அண்ணனும் ஏணியிலிருந்து இறங்கி ஒரு கை கொடுத்தார். மூவருமாகத் தெருவைத் தாண்டிக் கண்ணாடிக் கதவைத் தள்ளியபிறகுதான் சித்தி பலகையைப் படித்தாள்.

பல் மருத்துவமனை.

"கேக்கா? இங்கேயா?" பல் டாக்டரம்மா அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார். "நாள் முழுக்க இனிப்பு வேண்டாம்னு தொண்டை கிழியக் கத்துறேன். இதை இங்க வைச்சா யார் என் பேச்சைக் கேப்பா?"

"ரெண்டே மணி நேரம் டாக்டர். வெயில்ல உருகிடும்," என்றாள் வாலு.

"அதெல்லாம் முடியாது. ஏற்கெனவே ஒருத்தன் என் உயிரை வாங்குறான்."

அந்த ஒருத்தனுக்கு ஐந்து வயது இருக்கும். அம்மாவின் மடியில் உட்கார்ந்து, வாயைப் பூட்டுப் போட்டு மூடியிருந்தான். முக்கால் மணி நேரமாகத் திறக்கவில்லையாம்.

வாலு அவன் முன்னால் மண்டியிட்டாள். "பயமா இருக்கா?"

அவன் தலையாட்டினான்.

"எனக்கும் போன வருஷம் பயமாத்தான் இருந்துச்சு. சும்மா பாக்கத்தான் செய்வாங்க. சரி, அதை விடு. உனக்கு ஒண்ணு காட்டவா?"

பெட்டியின் மூடியை மெல்லத் தூக்கினாள்.

"ஆ...!" பையனின் வாய் குகைபோலத் திறந்தது.

"அப்படியே இரு! அசையாதே!" டாக்டரம்மா டார்ச்சோடு பாய்ந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "அடடே, ஒரு பால்பல்தான் ஆடுது. தானா விழுந்துடும். அவ்வளவுதான்!"

"அவ்வளவுதானா?" என்றான் பையன். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

டாக்டரம்மா வாலுவைப் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த மேசையைக் காட்டினார். "அங்க வைங்க. மேலே துணி போட்டு மூடணும்."

சித்தி சாய்ந்த ரோஜாவைக் கத்தி நுனியால் நிமிர்த்திவிட்டாள். ஆறு மணிக்கு மேனேஜர் தானே வந்து, "ஓடுது! நிஜமா ஓடுது!" என்று கூவினார். சில்லென்ற மண்டபத்தின் நடுவே இருபத்திரண்டு ரோஜாக்களும் நிமிர்ந்து நின்றன. அடுத்த வாரம் ஒன்று, அதற்கடுத்த வாரம் இரண்டு என்று மேனேஜர் தேதி சொல்ல, சித்தி காலண்டரில் வட்டம் போட்டாள்.

இருவரும் வாசலுக்கு வந்தபோது சித்தியின் போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். யாரோ கிசுகிசுத்தார்கள்.

"நான்தான், பல் டாக்டர். உங்க பெட்டி மேல நம்பர் பாத்தேன். எனக்கும் அதே மாதிரி ஒரு கேக் வேணும், ரோஜா நிறைய வைங்க. ஆனா கிளினிக்குக்குக் கொண்டுவந்துடாதீங்க, பசங்க பாத்துட்டா என் மானமே போயிடும்!"