புல்லாக்குக்குப் பொருந்திய மூக்கு

அந்தி மயங்கி, கீழ்வானில் எழுந்த முழுமதியின் ஒளி வெள்ளாற்று நீரின்மேல் பரவிக் கிடக்க, நெடுங்கரைக் கோட்டையின் கொத்தளங்கள் அந்நீரில் தலைகீழாய் நின்று அசைய, அகழியோரத்துத் தாழம்புதர்களின் நறுமணம் மதிலேறி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. வாசகர்களே, அந்த மணத்தை இப்போதே வேண்டிய மட்டும் முகர்ந்துகொள்ளுங்கள். இனி நாம் போகும் இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சபா மண்டபத்தில் வீற்றிருந்தாள் கோட்டைக்குரிய நல்லமங்கை நாச்சியார். மூன்றாண்டுகளுக்கு முன் அவளுடைய மணநாளன்று மணமகன் உக்கிரப்பெருமாள் போர்க்களத்தில் இருந்தபடியால், பாளையத்து வழக்கப்படி அவருடைய வாள் மட்டும் வந்தது. வாளின் அருகே அமர்ந்து தாலி பூண்டவள், கணவன் முகத்தை அவளோ அவள் கோட்டையாரோ கண்டதே இல்லை. அந்தப் போரில் பிடிபட்டவரை வடகரைத் தளவாய் என்ன செய்தான் தெரியுமா? சிறையில் வைத்திருந்து, சென்ற மாதம் மூக்குத்தண்டைக் குத்தித் துளைத்து, காளைக்குப் பூட்டுவதுபோல் கயிறு பூட்டி, கடைத்தெருவெல்லாம் இழுத்துச் சென்றான். அதைப் பறையறைந்து பெருமை வேறு பேசிக்கொண்டான். தூ! எழுதும்போதே எமக்குக் குமட்டுகிறது.

இன்று மாலை ஒருவன் வந்து, "நானே உக்கிரப்பெருமாள், சிறையிலிருந்து தப்பி வந்தேன்" என்று நிற்கிறான். கேட்டதோ முதலில் கோட்டைச் சாவியை. கணவரென்றால் கொடுத்தே ஆகவேண்டும். தளவாயின் ஒற்றனென்றால் விடிவதற்குள் கோட்டையும் அவளும் எதிரியின் கையில்.

"மூக்கு வெளித்தோற்றத்தில் முழுமையாகத்தான் இருக்கும், நாச்சியார். காயம் உள்ளே. ஒரு துவாரத்தருகே விளக்கைப் பிடித்தால், துளையிருந்தால் மறு துவாரத்தில் வெளிச்சம் தெரிய வேண்டும்" என்றார் பிரதானி சொக்கலிங்கம் பிள்ளை.

"அப்படியானால் பாரும்."

"அடியேனா?"

"பின்னே, நானா?"

பாவம் பிரதானி! சந்தனம் பூசிய மார்போடு மண்டியிட்டு, வந்தவனின் மூக்குக்குள் அண்ணாந்து நோக்கினார். பொடிபோடும் மூக்கு அது. உள்ளே மயிரும் சளியும் பின்னிக் கிடந்த அழகை நாம் வருணிக்கப் போவதில்லை. சில நாட்களுக்கு முன் வேலைக்கு வந்த விளக்குக்காரன், முகத்தைத் துணியால் மூடியவன், கைவிளக்கை அருகே பிடித்தான். அவன்மேல் அடித்த வாடைக்காக யாரும் அவன் பக்கத்தில் நிற்பதில்லை.

"கீச்..." என்று மெல்லிய ஒலி எழுந்தது.

"யாரடா சபையில் சீழ்க்கையடிப்பது?" என்று சீறினார் பிரதானி. அவர் மீண்டும் குனிந்தார். "தெரிகிறது! மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறது! நம் பிரபுவேதான்!"

வந்தவன் கையை நீட்டினான். "சாவியைக் கொடு, தேவி."

நல்லமங்கை ஆசனத்தை விட்டு இறங்கி அவனருகே வந்தாள்.

"மிகவும் இழுத்தார்களோ?"

"கடைத்தெரு முழுவதும் இழுத்தார்கள். காளைபோல் கதறினேன்."

"ஐயோ! சற்று அசையாமல் இரும்."

அவள் தன் மூக்கிலிருந்த புல்லாக்கைக் கழற்றி அவன் மூக்குத்தண்டில் மாட்டினாள். அளவெடுத்துச் செய்தாற்போல் அது கச்சிதமாக உட்கார்ந்தது. முத்து அவன் மீசைமேல் ஊஞ்சலாடியது. யாரோ களுக்கென்று சிரிக்க, சபையே குலுங்கிச் சிரித்தது.

"கயிறு பூட்டி இழுத்த துளை கிழிந்து கந்தலாகி அல்லவா இருக்கும்? இது தட்டான் பக்குவமாகக் குத்தி எண்ணெயிட்டு ஆற்றிய துளை. எனக்கும் இருக்கிறதே, தெரியாதா?" என்றாள் நாச்சியார்.

ஒற்றன் இடையிலிருந்த குறுவாளை உருவி அவள்மேல் பாய்ந்தான். விளக்கு தரையில் விழுந்தது. அதைப் பிடித்திருந்தவன் ஒற்றனின் மணிக்கட்டை முறுக்கி, ஒரே வீச்சில் அவனை மண்ணில் சாய்த்தான். காவலர் ஓடிவந்து ஒற்றனைக் கட்டினர்.

அந்தப் போராட்டத்தில் விளக்குக்காரனின் முகத்துணி நழுவியது. அழுகிய ஊனின் நாற்றம் மண்டபத்தை நிறைத்தது. மூக்கின் விளிம்பெல்லாம் கருகிய இரத்தப் பொருக்கு, மேலுதட்டில் மஞ்சளாய் வழிந்த சீழ், மூச்சு விடுந்தோறும் உள்ளிருந்த கிழிசல் வழியே காற்று புகுந்து, "கீச்... கீச்..." என்று சீழ்க்கையடித்தது. பிரதானி தூண் மறைவுக்கு ஓடி வாந்தியெடுத்தார். அருவருப்பாக இருக்கிறதா, வாசகர்களே? இருக்கட்டும். அந்த அருவருப்பைப் புண்பட்டவர்மேல் காட்டாமல், புண்ணைச் செய்த தளவாய்மேல் காட்டுங்கள்.

நல்லமங்கையும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கால் பின்னுக்குப் போகவில்லை.

"நான்தான் என்று ஏன் தாங்கள் சொல்லவில்லை?"

"அவன் சாவியைத் தொட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்றார் உக்கிரப்பெருமாள், துணியைத் தேடிக் குனிந்தபடி. "நாச்சியார் வாளுக்கு வாழ்க்கைப்பட்டவர். வாளுக்கு நாற்றம் கிடையாது. சிறையிலிருந்து தப்பியதும், ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடலாமென்றுதான் வந்தேன்."

அவள் கண்கள் நிறைந்தன. துணியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"நாறத்தான் செய்கிறது, சுவாமி. பொய் சொல்லி என்ன பயன்? வைத்தியர் வரட்டும், நானே கழுவி மருந்திடுகிறேன். நடுவில் எனக்குக் குமட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்."

அதற்குள் பிரதானி, ஒற்றனிடமிருந்து கழற்றிய புல்லாக்கைத் தம் அங்கவஸ்திரத்தால் துடைத்து நீட்டினார்.

"சீ! ஆற்றில் எறியும்! இவருக்குக் கயிறு பூட்டியவனை இந்த ஆற்றுக்கு அப்பால் துரத்தும்வரை என் மூக்கில் பொன் ஏறாது. நான் மணந்த வாளின்மேல் ஆணை!"

சொல்லிவிட்டு, கோட்டைச் சாவிகளைக் கணவரின் கையில் வைத்தாள். அவர் நெடுமூச்சு ஒன்று விட்டார். அமைதியான சபையில் அந்தச் சீழ்க்கை மூலைவரை கேட்டது. யாரது என்று இம்முறை பிரதானி கேட்கவில்லை.