இசக்கிராஜாவின் முதல் அறுவடை

காலையில் சமையற்கூடத்துக்குப் போகும்போது பாத்திகளிடம் சொல்லிக்கொண்டு போவது எங்கள் குடியிருப்பின் வழக்கம். கத்திரிக்காய் பறித்தால், "பிச்சம்மா, எடுத்துக்கிடுதேன்" என்பேன். பூமியிலிருந்து புதிதாக வருகிறவர்கள் எனக்குக் கிறுக்கு என்று நினைப்பார்கள். இரண்டு வேளை சாப்பிட்டதும் அவர்களும் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

செவ்வாயில் மண் உண்டு, அதில் உயிர் கிடையாது. எதையும் வெளியே எறியவும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் இறந்தவர்களை நாங்கள் எரிப்பதில்லை, புதைப்பதுமில்லை. மண்ணாக்கி என்னும் கலத்துக்குள் வைக்கிறோம். சில மாதங்களில் கறுப்பாக, ஈரமாக, நல்ல மண் வரும். அதை ஒளிவிளக்குகளின் கீழ் பரப்பி, இறந்தவர் பெயரிலேயே பாத்தி கட்டுவோம். முதல் அறுவடையை நான் சமைப்பேன். முதல் கவளம் உறவுக்காரருக்கு, பிறகு எல்லோருக்கும். உறவு தொடாவிட்டால் மற்றவர்களும் தொடமாட்டார்கள். பயிர் திரும்ப மண்ணாக்கிக்கே போகும். இதுவரை யாருக்கும் அப்படி நேர்ந்ததில்லை.

இசக்கிராஜாவுக்கு நேர்ந்துவிடும் போலிருந்தது.

எங்கள் காற்றுக்குழாய்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். அவர் கை படாத மூச்சு எங்களில் ஒருவருக்கும் இல்லை. மாரடைப்பில் போய்விட்டார். அவர் பாத்தியில் தண்டுக்கீரை தளதளவென்று வந்திருந்தது. பருப்புப் போட்டுக் கடைந்து, சோற்றோடு அவர் மனைவி பூரணியின் முன்னால் வைத்தேன். பிள்ளை இல்லை, வேறு சொந்தமும் இங்கே இல்லை. சாப்பாட்டுக்கூடமே அவள் கையைப் பார்த்துக் காத்திருந்தது.

"முடியலக்கா," என்றாள். "அவுகளை எப்படிக்கா நான் மெல்லுவேன்?"

"மெல்லவே வேண்டாம். நல்லாத்தான் கடைஞ்சிருக்கேன், அப்படியே முழுங்கு."

எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல். அவள் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்தாள்.

"முழுங்கிட்டா அதோட முடிஞ்சுபோச்சுல்லா? இப்போ பாத்தியிலயாவது நிக்காவ. போய்ப் பார்க்கேன், பேசுதேன்."

"கீரை முத்திரும் பூரணி. இன்னைக்கு விட்டா மண்ணாக்கிதான்."

"போகட்டும். எனக்கு அவுக உயிருதான் வேணும். அது இந்தத் தட்டுல இருக்கா? சொல்லுங்க."

மண்ணாக்கியைச் செய்த எஞ்சினியர்களுக்கே தெரியாதது சமையற்காரிக்கா தெரியும்? ஆனால் எனக்குக் கோபம் வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. அந்தக் கீரை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

"ஏட்டி, எங்கம்மா பாத்தியில அவரைக்காய் காய்ச்சுதே, அதைக் கேட்டுக்கேட்டு வாங்கித் தின்னது யாரு? உன் வீட்டுக்காரர்தான். அவரு தோளு, கை, நீ தலை சாய்ச்ச நெஞ்சு, எல்லாத்துலயும் எங்கம்மா இருந்தா. அவ பாத்தி ஓய்ஞ்சபிறகு அவளை நான் எங்க போய்த் தேட? இந்தக் கீரையில அவளும்தான் வந்திருக்கா. நீ வேண்டாம்னா எனக்கும் இல்லாமப் போயிரும்."

பூரணி தட்டை இழுத்து, சோற்றைக் கீரையோடு பிசைந்து ஒரு கவளம் உருட்டினாள். தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"முதல் கவளம் சொந்தத்துக்குத்தானே. வாங்கிக்கிடுங்க, மதினி."

அதுவரை என்னை அக்கா என்றவள், ஒரே சொல்லில் அவருக்கு அக்காவாக்கிவிட்டாள். இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அடுத்த கவளத்தை அவள் உண்டாள், கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக மென்று.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். "எங்க வீட்டுக்காரரும் அவருக்குள்ள இருந்தாருல்லா," என்று கை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். கூடத்தில் உட்கார்ந்திருக்க ஒருவரும் மிச்சமில்லை.

பூரணி உருட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நடுவில் வரிசையை நிமிர்ந்து பார்த்தாள். அவர் போனபின் முதன்முறையாக அவள் அழுதது அப்போதுதான்.

"அவுகளுக்கு இத்தனை சொந்தமா, மதினி?"