கைத்துளை

வெண்கலம் வார்த்துப் பத்து நாளாகியும் சிலைக்குள் சூடு ஆறவில்லை. ஃபிட்டருக்கு அது பிடிக்கவில்லை.

முகமில்லாத நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற சிலை. ஒற்றுமையாம். மூக்கும் வாயும் வைக்கத் தெரியாதவன் சொல்லும் சாக்கு அது. உள்ளே வெறும் கூடு. முதுகுப் பக்கம் இரண்டு கைத்துளைகள். அவற்றில் தோள்வரை கையை விட்டு, விரலால் தடவித் தேடி நட்டுகளை முடுக்க வேண்டும். ஸ்பேனர் நழுவினால் விரல் நசுங்கும். அதனால் ஒருவர் கை உள்ளே இருக்கும்போது இன்னொருவர் கை உள்ளே போகக்கூடாது. முப்பது வருடமாக அவர் வைத்திருக்கும் சட்டம். கூட வேலை செய்யும் மனைவிக்கும் அதேதான். இன்று பட்டறையில் அவர்கள் இருவர் மட்டும்.

வலது கையை விட்டார். மெழுகு வாடைக்கு அடியில் வேர்வை வாடை அடித்தது. காதை வெண்கலத்தில் வைத்தபோது, மின்விசிறியின் கடகடப்பையும் மீறி, ஒரு கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. நட்டைத் தேடிய விரலை ஏதோ தொட்டது. ஸ்பேனர் நழுவி உள்ளே விழுந்தது.

தொட்டது ஒரு விரல். பிறகு ஐந்து.

இழுத்தார். வரவில்லை.

முன்பக்கம் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, அதையே கட்டிப்பிடிச்சுட்டு நிக்கிறீங்க? என்னைக்கூட இவ்வளவு நேரம் பிடிச்சதில்ல."

"கை மாட்டிக்கிச்சுடி. அந்தத் துளையில கைய விட்டு என் கையத் தள்ளு."

"உங்க சட்டம் என்னாச்சு?"

"தூக்கிக் குப்பையில போடு! எலும்பு நொறுங்குது!"

அவள் சிரிப்பு நின்றது. ஓடி வந்து இன்னொரு துளையில் கையைத் தோள்வரை விட்டாள்.

பிடி தளர்ந்தது. ஃபிட்டர் கையை உருவிக்கொண்டு மூன்றடி பின்வாங்கினார். விரல்களை எண்ணினார். ஐந்தும் இருந்தன.

"கிடைச்சிடுச்சுங்க." கன்னத்தைச் சிலையில் அழுத்தி, கண்ணை இறுக்க மூடியிருந்தாள். "பிடிச்சுட்டேன். உங்க கைதானே?"

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

'இல்லை' என்று சொன்னால் கையை இழுப்பாள். அவள் தப்பினால் அது வேறு கையைத் தேடும். வேறு கை யாருடையது?

"ஆமா," என்றார். "என் கைதான். விட்டுடாத."

"விடுவேனா?"

அவள் கண்கள் திறக்கவில்லை. கண் இருந்த இடம் வழவழப்பானது. மூக்கு அமுங்கியது. வாய் மட்டும் மிச்சம்.

"பயப்படாதீங்க. நான் பிடிச்சிருக்கேன்ல."

வாயும் போனது.

இப்போது சிலையில் தோளோடு தோள் ஐந்து பேர். உள்ளே, அவர் நழுவவிட்ட ஸ்பேனரால் யாரோ நட்டை நிதானமாக முடுக்கிக்கொண்டிருந்தார்கள்.