துண்டு போட்ட பட்டியல்

வினிதாவின் கையெழுத்து அழகாக இருந்ததுதான் எல்லா வம்புக்கும் ஆரம்பம். இல்லாவிட்டால் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு அக்காவின் கல்லூரிப் பட்டியலில் என்ன வேலை? "நீ எழுது கண்ணு, உன்ற எழுத்துதான் முத்து முத்தா இருக்கும்" என்று அப்பா சித்தையன் நோட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

அக்கா ஸ்வாதி நுழைவுத் தேர்வு எழுதி ரேங்க் வாங்கியிருந்தாள். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று வரிசையாகக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அதைப் பார்த்து அரசாங்கக் கம்ப்யூட்டர் ஒரு சீட்டுக் கொடுக்கும். ஸ்வாதிக்கு வேண்டியது சுற்றுச்சூழல் பொறியியல். மழைக்காலம் வந்தால், மைசூர் அக்ரஹாரத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடை குளியலறை வரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். அந்தத் தண்ணீரைச் சுத்தமாக்கும் வித்தையைக் கற்றுவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அந்தப் படிப்புக்கு அவள் மூன்று கல்லூரிகளைத் தேடி வைத்திருந்தாள். ஒன்று பெங்களூரில், ஒன்று மைசூரிலேயே, ஒன்று தூரத்தில். வினிதா மூன்றையும் எழுதி முடிப்பதற்குள் கொள்ளேகாலிலிருந்து செல்லக்கண்ணு மாமா போனில் வந்தார். சாக்கடைக்கு எதற்குப் படிப்பு, கம்ப்யூட்டர் படிப்பு எழுது என்றார். வினிதா எழுதினாள். பக்கத்து வீட்டு கிருஷ்ணராஜ் சிவில்தான் என்றைக்கும் நிற்கும் என்றார். அதையும் எழுதினாள். தூரத்துக் கல்லூரி விடுதியில் சாப்பாடு உறைக்காதாம் என்று அம்மா கவலைப்பட்டாள். அதை அழித்தாள். பிறகு மறுபடி எழுதினாள். மாலைக்குள் பட்டியல் பதினொன்றாகிவிட்டது, ரப்பர் பாதியாகிவிட்டது. எது மேலே, எது கீழே என்று அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. மற்றவர்களுக்கும் புரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

கடைசியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். அவருக்குச் சொந்த ஊர் ஹனூர். அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் போகும் பஸ் கொள்ளேகாலில் வந்து நின்றதும், ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"மொதல்ல ஒரு சீட்டுல துண்டப் போட்டரோணும்" என்றார் அப்பா. "ஜன்னல் சீட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அப்படியாக, கட்டாயம் கிடைக்கும் என்று எல்லாரும் சொன்ன பக்கத்துக் கல்லூரியின் சிவில் படிப்பு முதல் இடத்தில் போய் உட்கார்ந்தது. பெங்களூர்க் கல்லூரி நான்காவது. ஸ்வாதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் மாதிரி ஒதுக்கீடு வந்தது. உண்மையான சீட்டுக்கு முன்னால் காட்டும் ஒத்திகை அது. ஸ்வாதிக்கு சிவில் என்று காட்டியது. மறுநாள் மாலைக்குள் பட்டியலை மாற்றலாம், அதோடு சரி. "பாத்தியா, துண்டுக்குக் கெடச்சிருச்சு" என்று அப்பா மகிழ்ந்தார். ஸ்வாதி கொல்லைப்பக்கம் போய்ச் சாக்கடையைப் பார்த்தபடி நின்றாள். அவள் கண்ணைத் துடைத்ததை வினிதா பார்த்துவிட்டாள்.

அப்போதுதான் அக்காவுடன் படித்த அருண்ராஜ் போன் செய்தான். அவனுக்குப் பெங்களூரில் சுற்றுச்சூழல் பொறியியல் காட்டியதாம். அவன் ரேங்க் அக்காவுக்கு நானூறு பேர் பின்னால். கம்ப்யூட்டருக்கு ஏதோ கோளாறு என்றார் அப்பா. வினிதாவுக்குத் தலை சுற்றியது. பின்னால் நிற்கிறவனுக்குக் கிடைத்தது, முன்னால் நிற்கிற அக்காவுக்கு எப்படிக் கிடைக்காமல் போகும்?

அருண்ராஜின் பட்டியலைப் போனில் அனுப்பச் சொன்னாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். அவன் பெங்களூரை முதலில் எழுதியிருந்தான். பக்கத்துக் கல்லூரி சிவில் அவனுக்குக் கடைசி. வினிதா பென்சிலைக் கடிப்பதை நிறுத்தினாள்.

மறுநாள் காலை அம்மா உப்பிட்டு, அதாவது ரவை உப்புமா, கிண்டி வைத்துவிட்டுத் தோசைக்குக் கல்லைப் போட்டாள். வினிதா அப்பாவிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள்.

"அப்பா, நாந்தான் கம்ப்யூட்டர். டிபனுக்கு என்ன வேணும்னு வரிசையா எழுதுங்க. அக்காவுக்கு எழுதுன மாதிரியே, கட்டாயம் கெடைக்கறது மொதல்ல."

உப்பிட்டு தயாராக இருக்கிறதே என்று அப்பா அதை முதலில் எழுதினார். தோசையை இரண்டாவதாக எழுதினார். வினிதா உப்பிட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா அதைச் சாப்பிட்டுவிட்டுத் தோசைக்குக் காத்திருந்தார். நெய் மணம் வந்தது, தோசை வரவில்லை.

"தோசை எங்க கண்ணு?"

"உங்களுக்குத்தான் சீட்டுக் குடுத்தாச்சே. கம்ப்யூட்டர் கீழ பாக்காதுப்பா. மேலருந்து வரும், எது கெடைக்குதோ அதக் குடுத்துட்டு அடுத்தவங்ககிட்டப் போயிரும்."

அப்பா தட்டைப் பார்த்தார். "தோசைய மொதல்ல எழுதி, அது தீந்து போயிருந்தா?"

"அப்பக் கீழ வரும். உப்பிட்டு அங்கயே இருக்கும்."

ஸ்வாதி போனில் விதிமுறைகளைத் திறந்து படித்தாள். வினிதா சொன்னதைத்தான் அங்கே ஒரு பக்கத்துக்குச் சுற்றி வளைத்து எழுதியிருந்தார்கள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தன் துண்டு மகளின் ஆசை மேலேயே விழுந்துவிட்டதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்கு ஒண்ணுதாம்ப்பா புரியல" என்றாள் வினிதா. "எல்லாரையும் கேட்டு எழுதினோம். அக்காவ யாருமே கேக்கலியே?"

அப்பா ஸ்வாதியைத் திரும்பிப் பார்த்தார். அவள் மெல்லச் சொன்னாள்: "பெங்களூர்ப்பா. அங்க ஏரித் தண்ணிய மொண்டு வந்து சோதிக்கச் சொல்லித் தராங்களாம். அப்புறம் மைசூர். அப்புறம் தூரத்துல இருக்கறது. சிவில் கடைசில இருக்கட்டும், உங்களுக்காக."

வினிதா புதுப் பக்கத்தில் நான்கே வரி எழுதினாள். ரப்பர் தேவைப்படவில்லை. மதியம் மூவரும் சைபர் சென்டருக்குப் போய் அதை அப்படியே ஏற்றிவிட்டு வந்தார்கள். உண்மையான ஒதுக்கீடு வந்த அன்று, அம்மா யாரும் எழுதிக் கேட்காமலே எல்லாருக்கும் தோசை வார்த்தாள்.

கல்லூரியில் சேரும் நாளன்று பெங்களூர் பஸ் வந்து நின்றது. பழக்க தோஷம், அப்பாவின் கை துண்டுக்குப் போனது. ஜன்னல் வரை தூக்கியவர் அப்படியே நின்று, ஸ்வாதியின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு சாமி, உனக்கு எந்த சீட்டு வேணும்?"