வாலில் ஊதா வளையம்

அப்பா வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பேனாவைப் பையில் செருகினார். பேனா பைக்குள் போயிற்று. போன வேகத்தில் அடிப்பக்கமாக வெளியே வந்து அவருடைய கால் கட்டைவிரல் மேல் விழுந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். பையின் அடியில் ஓர் ஓட்டை இருந்தது. ஓரமெல்லாம் பொடிப் பொடியாகப் பல் தடம்.

"ஜெகதா!" என்று கத்தினார். "இந்த வூட்ல எலிங்க குடியிருக்குதா, இல்லே எலிங்க வூட்ல நாம குடியிருக்கோமா?"

ஐந்து வயது வரதன் மெதுவாகக் கதவுக்குப் பின்னால் போனான். அக்கா கண்ணகிக்குக் காரணம் தெரியும். வறுத்த வேர்க்கடலையை அப்பாவின் கோட்டுப் பையில் ஒளித்து வைத்தவன் அவன்தான். ஆனால் அவள் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பா சிவப்பிரகாசம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை முறை. கிழிந்த கோட்டோடுதான் போகவேண்டும்.

"போன வாரம் இவ பூகோள நோட்டுல ஆசியாவில பாதியைத் தின்னுச்சு. இன்னிக்கு என் கோட்டு. சாயங்காலம் எலி பாஷாணம் வாங்கியாறேன். மாவுல கலந்து உருட்டி வெச்சா தீர்ந்துது."

"ஐயோ, சின்னப் பையன் இருக்கானே!" என்றாள் அம்மா.

"அவன் எட்டாத எடத்துல வெக்கறேன். பரண் மேல."

கண்ணகி நிமிர்ந்து பார்த்தாள். பரணுக்குப் பக்கத்தில் முருகன் படம் முன்பக்கம் சாய்ந்து தொங்கியது. அதற்கும் சுவருக்கும் நடுவில் சிட்டுக்குருவிக் கூடு. நான்கு நாட்களுக்கு முன்புதான் குஞ்சுகள் பொரிந்திருந்தன. கீழே விழுந்த ஒரு முட்டை ஓட்டை அவள் தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

பரணுக்கு வரதன் போகமாட்டான். குருவி போகும்.

"அப்பா, குருவி தின்னுடும்பா."

"குருவி எதுக்கு மாவு துன்னப்போவுது?"

"நேத்து வாசல்ல கோலமாவையே கொத்தித் தின்னுச்சு. நான் பார்த்தேன்."

அப்பா படத்தைப் பார்த்தார். ஒரு வைக்கோல் துண்டு பறந்து வந்து அவர் தோளில் விழுந்தது.

"சரி. ஒரு வாரம் பார்ப்போம். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள எலி ஒழியலேன்னா பாஷாணம்தான். அப்புறம் அழக்கூடாது."

சாயங்காலம் ஒரு சின்னப் பொட்டலம் அலமாரியின் உச்சிக்குப் போயிற்று. கண்ணகி அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை.

அந்தத் தெருவில் ஒரே ஒரு எலிப்பொறிதான் இருந்தது. மரப்பெட்டி, பின்பக்கம் கம்பி வலை. உள்ளே கொக்கியில் தீனி மாட்டவேண்டும். எலி அதை இழுத்தால் கதவு 'படார்' என்று விழும். பொறி எதிர் வீட்டுப் பாஷ்யம் வாத்தியாருடையது. அது கண்ணகி வீடு, வாத்தியார் வீடு, தெருக்கோடியில் திருவேங்கடத்தின் அரிசிக்கடை என்று முறை வைத்துச் சுற்றும். தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது கண்ணகியின் வேலை. தெருவிலேயே எலிக்குப் பயப்படாதவள் அவள்தான்.

பிடித்த எலியை அங்கே யாரும் கொல்லமாட்டார்கள். பிள்ளையாரின் வாகனம் ஆயிற்றே! எடுத்துப் போய் விட்டுவிடுவார்கள்.

"எங்கே விட்டீங்க?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "தூரமா."

அன்று மாலை வரதனின் வாய்ப்புண்ணுக்கு அப்பா நீல மருந்து தடவினார். பெயர்தான் நீல மருந்து. நிறம் கத்தரிப்பூ நிறம். வரதன் கண்ணாடியில் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தான்.

"எப்போப்பா போவும்?"

"நாக்குல ரெண்டு நாள். கையில பட்டா ஒரு வாரம் ஆனாலும் போவாது. சோப்பு போட்டாலும் போவாது."

கண்ணகி அந்தக் குப்பியையே பார்த்தாள். எல்லா எலியும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அப்படியானால், போன வாரம் பிடித்த எலியும் இந்த வாரம் பிடித்த எலியும் வேறு வேறு என்று எப்படிச் சொல்வது?

"அப்பா, அந்த மருந்துல கொஞ்சம் குடுங்க. எலிக்கு."

"ஏன், எலிக்கும் வாய்ப்புண்ணா?" என்று சிரித்தார் அப்பா. ஆனால் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை பொறியில் ஒரு சுண்டெலி இருந்தது. அதன் வால் கம்பி வலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணகி துடைப்பக் குச்சியில் பஞ்சைச் சுற்றி, மருந்தில் தோய்த்து, வாலில் ஒரு வளையம் போட்டாள். எலி திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான்.

அப்பா பொறியைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். கண்ணகியும் கூடப் போனாள். 'தூரம்' என்பது திருவேங்கடத்தின் அரிசிக்கடைப் பின்புறம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"இங்கே தீனி இருக்குது. பாவம், பொழச்சுக்கும்" என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணகி பாதி ஆசியா இல்லாத பூகோள நோட்டில் எழுதினாள்.

திங்கள். பிடித்த இடம்: எங்கள் வீடு. ஒரு வளையம். விட்ட இடம்: அரிசிக்கடைப் பின்புறம்.

செவ்வாய்க்கிழமை வாத்தியார் வீட்டுப் பொறியில் எலி விழுந்தது. கண்ணகி ஓடிப் போய்ப் பார்த்தாள். வாலில் ஒன்றும் இல்லை. இரண்டு வளையம் போட்டாள்.

"என்னடி பண்றே, கொழந்தே?" என்று வாத்தியார் கேட்டார்.

"அடையாளம் சார்."

"பலே! நான் இதை ஏரிக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டுடறேன்."

கண்ணகி வீட்டுக்கு வந்து, கொல்லையில் நின்று பல் விளக்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குடுமி தெரிந்தது. பாஷ்யம் வாத்தியார் இடமும் வலமும் பார்த்தார். குனிந்தார். 'கிறீச்' என்று பொறியின் கதவு திறந்தது.

"சார்!"

வாத்தியார் துள்ளி எழுந்தார். "கண்ணகியா? ஒண்ணுமில்லே. சும்மா காத்து வாங்கலாம்னு வந்தேன். இங்கே காத்து ரொம்ப நன்னா இருக்கு."

புதன்கிழமை அரிசிக்கடையில் திருவேங்கடம் மூட்டைகளின் மேல் ஏறி நின்றார். அவர் பெரிய ஆள். தனியாக ஒரு மூட்டை தூக்குவார்.

"பாப்பா, எலி உள்ள கீதா பாரு. கதவு நல்லா மூடிகினு கீதா?"

"மூடியிருக்கு மாமா."

கண்ணகி வாலைப் பார்த்தாள். ஒரு வளையம். திங்கட்கிழமை எலி!

திருவேங்கடம் பொறியை ஒரு நீளக் கழியின் நுனியில் மாட்டிக்கொண்டு எங்கே போகிறார் என்று பார்த்தாள். அவர் வாத்தியார் வீட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

வியாழக்கிழமை கண்ணகி வீட்டில் இரண்டு வளையம் அகப்பட்டது. அவள் நோட்டில் ஒரு வட்டம் வரைந்தாள். எங்கள் வீட்டிலிருந்து அரிசிக்கடை. அரிசிக்கடையிலிருந்து வாத்தியார் வீடு. வாத்தியார் வீட்டிலிருந்து எங்கள் வீடு. எலிகள் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றி விட்டவர்கள் பெரியவர்கள்.

"அப்பா, இதை விடாதீங்க. நான் வெச்சுக்கறேன்."

அவள் எலியை ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னில் விட்டு, மேலே சல்லடையைக் கவிழ்த்துக் கல் வைத்தாள். உள்ளே கொஞ்சம் அவல் போட்டாள்.

"என் சல்லடை!" என்றாள் அம்மா. "எலிக்கு விருந்து வேறேயா?"

வெள்ளிக்கிழமை வாத்தியார் வீட்டில் ஒரு வளையம் விழுந்தது. சனிக்கிழமை அரிசிக்கடையில் ஒரு புது எலி. அதற்கு மூன்று வளையம். இரண்டும் டின்னுக்குள் போயின. எலியை எடுத்துப் போகும் வேலை மிச்சம் என்று வாத்தியாருக்கும் சந்தோஷம், திருவேங்கடத்துக்கும் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அப்பா அலமாரி உச்சியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார்.

"இந்த வாரம் மட்டும் தெருவுல ஆறு எலி புடிச்சோம். எத்தனையோ இருக்குது, கண்ணு. பொறி போதாது."

"ஒரு நிமிஷம்பா!" என்று ஓடிய கண்ணகி, வாத்தியாரையும் திருவேங்கடத்தையும் கையோடு அழைத்து வந்தாள். டின்னை நடுவில் வைத்தாள். திருவேங்கடம் நாற்காலி மேல் ஏறிக்கொண்டார்.

"எத்தனை எலின்னு எண்ணுங்க."

"மூணு" என்றார் வாத்தியார். "மிச்சம் மூணு எங்கே?"

"மிச்சமே இல்லை சார். மொத்தமே மூணுதான்."

கண்ணகி நோட்டைப் பிரித்துப் படித்தாள். "திங்கள். எங்கள் வீடு. ஒரு வளையம். விட்ட இடம், அரிசிக்கடைப் பின்புறம்."

அப்பா இருமினார்.

"கம்பவுண்டரே!" என்றார் திருவேங்கடம். "என் கடையாண்டையா வுட்டீங்க? உங்களை எம்மாம் நல்லவருன்னு நெனச்சுகினு இருந்தேன்!"

"புதன்" என்று கண்ணகி படித்தாள். "அரிசிக்கடை. அதே ஒரு வளையம். விட்ட இடம், வாத்தியார் வீட்டுக் கிணற்றடி."

திருவேங்கடம் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார்.

"ஏன்யா, என் ஆத்துக் கிணத்தடியா கெடச்சுது?" என்று வாத்தியார் சீறினார்.

"செவ்வாய். வாத்தியார் வீடு. இரண்டு வளையம். விட்ட இடம்..."

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "காத்து நன்னா வரதே" என்றார்.

முதலில் சிரித்தவள் அம்மா. பிறகு திருவேங்கடம் சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பில் டின்னுக்குள் எலிகள் ஓடின. வாத்தியார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"சரி, இப்போ இந்த மூணையும் எங்கே விடறது?" என்று அப்பா கேட்டார்.

"கருவாடே!" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

ஆதியம்மாள் ஞாயிறுதோறும் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் கருவாட்டுக் கூடையோடு வருவாள். கண்ணகி வாசலுக்கு ஓடினாள்.

"ஆயா, இந்த டின்னை உங்க ஊருக்கு எடுத்துக்கினு போறீங்களா?"

ஆதியம்மாள் சல்லடை வழியாகப் பார்த்தாள். "இன்னாடி இது, வாலுக்கு மை இட்டுகினு கீது! எங்க ஊருக்கா? நல்லா கீதுடி நாயம்! வலைங்க எல்லாம் கூரையில தொங்கிகினு கீது. ஒரே நாள்ல கடிச்சுப்புடும். அப்பால எங்க வூட்டு ஆம்பளைங்க எத்த வச்சு மீன் புடிப்பாங்க?"

கண்ணகிக்கு முகம் சிவந்தது. அவளும் வட்டத்தில் இன்னொரு வீட்டைச் சேர்க்கத்தானே பார்த்தாள்?

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"பஸ் போற வழியில வீடே இல்லாத எடம் இருக்கா ஆயா?"

"கீதே, ஒரு மேடு. அந்த மேட்டுல ஏறச்சொல்ல பஸ்ஸு மூச்சு வாங்கிகினு நின்னுபுடும். டிரைவரு எறங்கித் தண்ணி ஊத்துவாரு. ரெண்டு பக்கமும் பொதருதான், பாறைதான். ஒரு வூடும் கெடையாது."

"அங்கே விட்டுடறீங்களா?"

"வுடறேன். கண்டக்டரு இதுங்களுக்கும் மூணு டிக்கெட்டு கேட்டா உங்க நைனாதான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஆதியம்மாள் டின்னைக் கூடையில் காலியாயிருந்த பக்கத்தில் வைத்தாள்.

"என் சல்லடை!" என்றாள் அம்மா. ஆதியம்மாள் தெருமுனை தாண்டிவிட்டாள்.

அப்பா கையில் பொட்டலம் இன்னும் இருந்தது.

"பொறியை இன்னும் மூணு ராத்திரி வெச்சுப் பார்ப்போம்" என்றார். "மூணு வூட்லயும். காலியா இருந்தா நீ சொன்னது சரி. ஒண்ணு விழுந்தாலும் நான் சொன்னதுதான்."

திங்கட்கிழமை காலை அரிசிக்கடையில் பொறி காலி. செவ்வாய்க்கிழமை வாத்தியார் வீட்டில் காலி. கொக்கியில் இருந்த தேங்காய்ச் சில்லு அப்படியே இருந்தது.

மூன்றாவது ராத்திரி கண்ணகி வீட்டு முறை. அம்மா கொக்கியில் மசால் வடைத் துண்டு மாட்டினாள். புதன்கிழமை விடிந்தபோதும் பொறி திறந்தேதான் இருந்தது. கண்ணகிக்கு நிம்மதியாக இருந்தது. கிணற்றடியில் முகம் கழுவப் போனாள்.

படார்!

கண்ணகி முகத்தில் தண்ணீர் சொட்ட ஓடி வந்தாள். அப்பா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். கதவு மூடிய பொறிக்குள் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது.

"பார்த்தியா?" என்றார் அப்பா. அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "பெரிசு போல. பொட்டலத்தை எடு ஜெகதா."

கண்ணகி மண்டியிட்டாள். கம்பி வலை வழியாக வாலைத் தேடினாள். வால் தெரிந்தது. குட்டை வால். அதில் வளையம் இல்லை.

அதில் இறகு இருந்தது.

"அப்பா!" என்று அவள் கூவினாள். "இது நம்ம குருவிக் குஞ்சு!"

அலகோரம் இன்னும் மஞ்சளாக இருந்தது. கூட்டை விட்டு அன்றுதான் இறங்கியிருக்கவேண்டும். அலகில் மசால் வடை ஒட்டியிருந்தது.

கண்ணகி கதவைத் தூக்கினாள். குஞ்சு தத்தித் தத்தி வெளியே வந்தது. பறந்து கொடியில் உட்கார்ந்தது. ஆடியது. மறுபடி பறந்து முருகன் படத்தின் மேல் போய்ச் சேர்ந்தது. அங்கே தாய்க்குருவி அதைத் திட்டித் தீர்த்தது.

அப்பா படத்தைப் பார்த்தார். பிறகு கொக்கியில் மிச்சமிருந்த வடையைப் பார்த்தார்.

"பொட்டலத்தை என் பையில வை ஜெகதா" என்றார். "போற வழியில கடையிலயே திருப்பிக் குடுத்துடறேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து வரதன் எட்டிப் பார்த்தான். "அப்பா, குருவி வால்லயும் நீல மருந்து பூசலாமா?"

"முதல்ல என் கோட்டுப் பையில கடலை இருக்குதான்னு பாருடா" என்றார் அப்பா. வரதன் மறுபடி கதவுக்குப் பின்னால் போய்விட்டான்.

கண்ணகி பூகோள நோட்டை எடுத்துக் கடைசி வரியை எழுதினாள்.

புதன். பிடித்த இடம்: எங்கள் வீடு. எலி இல்லை, குருவி ஒன்று. விட்ட இடம்: எங்கள் வீடு.