முதல் முடறு

"உது ஆர் குடிச்ச போத்தல்?"

"ஆரோ ஒரு வெள்ளைக்காரன். பலாலியிலை பிளேன் இறங்கத் தொடங்கின காலத்தான்."

"அவன் இப்பவும் உயிரோடையோ?"

"இருந்தால் பல்லில்லாமல் இருப்பான்."

யசிந்தா சிரித்துக்கொண்டே அந்தத் துருப்பிடித்த இரும்புத் தண்ணீர்ப் போத்தலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். "கண்டறியாத சாமான். செத்தவன்ரை எச்சில் போத்தலிலை இனி ஆர் குடிக்கிறது?"

"நீதான். திருத்தி முடிக்கிறன். மடு மாதா பெருநாளுக்குக் கொண்டுபோவம். முதல் முடறு உனக்கு."

"சொன்னாச் சொன்னதுதான்," என்றாள்.

புருசனும் பெண்சாதியும் அப்படிக் கதைத்து மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது போத்தல் திருத்தி முடிந்து சிமியோனுக்கு முன்னால் வாங்குப் பலகையில் நிற்கிறது. நேற்றுப் பின்னேரம் அதில் கழுத்துவரை குடிதண்ணீர் நிரப்பி, தக்கையை இறுக்கி, ஒழுகுகிறதா என்று பார்க்கப் பழைய பேப்பர் ஒன்றை விரித்து அதன்மேல் வைத்துவிட்டுப் போனான். விடிய வந்து பார்த்தால் தக்கை இறுக்கியபடியே இருந்தது. பேப்பரில் ஒரு எழுத்துக்கூடக் கரையவில்லை. போத்தலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சிமியோன் குருநகரில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். கடலுக்குப் போகத் தடை வந்தபிறகு எஞ்சின்களுக்கு வேலையில்லை; அவனுக்கும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தென்னங்கிடுகு வேய்ந்த சின்னப் பட்டறையில், பழைய உலகச் சண்டையில் வெள்ளைக்காரர் விட்டுப்போன சாமான்களைத் திருத்துவது மட்டும் மிச்சமிருந்தது. ஒரு இரும்புத் தொப்பி, ஊசி அசையாத திசைகாட்டி, சாப்பாட்டுத் தகரம், வெறும் தோட்டாப் பெட்டி. மருந்தும் நெருப்பும் போய்ச் செத்த சாமான்கள். எல்லாம் பக்கீரின் பழைய இரும்புக் கடையில் வாங்கியவை. பக்கீரும் மற்ற முஸ்லிம் சனமும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு அனுப்பப்பட்ட நாளிலிருந்து அந்தக் கடை பூட்டிக் கிடக்கிறது. தேய்க்கத் தேய்க்கத் துருவின் அடியிலிருந்து பழைய உருவம் எழும்பி வருவதில் சிமியோனுக்கு ஒரு சந்தோசம். யசிந்தா அந்தப் பட்டறைக்கு 'செத்த வீடு' என்று பேர் வைத்திருந்தாள்.

ஆனாலும் போத்தலுக்கு உறை தைக்க அவள்தான் வந்து உட்கார்ந்தாள். பழைய சாம்பல்நிறக் கம்பளியை வெட்டி, ஒரு பக்கத்தை எறும்பு ஊர்ந்ததுபோல நுணுக்கமாகத் தைத்தாள். மற்றப் பக்கத்தில் பாதியில் ஊசியைக் குத்திவிட்டு, உலை கொதிக்கிறது என்று எழும்பிப் போனாள். அந்த ஊசி மூன்று வருடம் அப்படியே நின்றது. போன கிழமைதான் அவன் அதை எடுத்து மிச்சத்தைத் தைத்து முடித்தான். அவளின் தையல் முடிகிற இடத்தில் அவனுடைய கோணல் தையல் தொடங்கியது.

அடுத்த நாளும் போத்தல் வெறுமையாக இருந்தது. மூன்றாம் நாள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிப் பார்த்தான். விடிய அது கழுத்துவரை அப்படியே நின்றது. சிமியோன் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். குருநகர்க் கிணறுகளில் உவர்த் தண்ணீர். குடிக்கிற தண்ணீரை நல்லூர்ப் பக்கத்தில் அள்ளிக் பிளாஸ்டிக் கானில் ஊற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வரவேண்டும். கிணற்றுத் தண்ணீரை யசிந்தா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாயில் வைத்ததில்லை. உதை மீனுக்குக் குடுங்கோ, அப்பா என்பாள்; புருசனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

நாலாம் நாள் நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டு அங்கேயே இருந்தான். உச்சி வெயில் கிடுகு இடுக்கால் காசு காசாக நிலத்தில் விழுந்தது. காய்ந்த கிடுகின் வாசமும், பழைய கிறீசின் வாசமும், கடற்கரைப் பக்கமிருந்து அழுகிய பாசியின் நாற்றமும் கலந்து வந்தன. எங்கோ ஒரு தகரம் வெயிலில் நெளிந்து சத்தமிட்டது. அது ஓய்ந்தபிறகு, போத்தலுக்குள்ளிருந்து, மெல்ல, மிக மெல்ல, அந்தச் சத்தம் கேட்டது.

களுக்.

தாகமெடுத்த ஒரு தொண்டையின் சத்தம்.

அதை அவன் கேட்க ஆசைப்பட்ட நாள் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நடந்த வருடம், ஆவணி மாதத்தில் ஒரு மத்தியானம். வேலியோரம் விழுந்து வெடித்த செல் குண்டின் துண்டொன்று யசிந்தாவின் வயிற்றுக்குள் போய்விட்டது. முதலுதவிக்கு வந்து கட்டுப் போட்ட பெடியன் வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் மட்டும் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் ஆள் தப்பாது என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினான். உழவு மிசினின் இழுவைப் பெட்டியில் அவளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போனான். றோட்டு முழுக்கச் சனம், மூட்டை, சைக்கிள். மிசின் ஊர்ந்தது.

"ஒரு முடறு தாங்கோவன், அப்பா."

"கொஞ்சம் பொறு. இந்தா வந்திட்டுது. போய்க் குடிப்பம்."

எத்தனை தரம் கேட்டாள், எத்தனை தரம் அதையே சொன்னான் என்று அவனுக்குத் தெரியாது. பெட்டியில் இருந்த மனிசி ஒருத்தி இரக்கப்பட்டுத் தன் கானை நீட்டினாள். யசிந்தாவின் கை எழும்பியது. அவன் அந்த மணிக்கட்டைப் பிடித்து, நோகாமல் கீழே இறக்கி, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் கை இழுப்பதை விட்டுவிட்டது. நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்தான்.

ஆசுப்பத்திரியில் டொக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, எதைச் செய்திருந்தாலும் காப்பாற்றியிருக்க ஏலாது என்றார். பிறகு, அவன் கேளாமலே, "தொண்டையை நனைச்சு விட்டிருக்கலாம், தம்பி," என்றார்.

இதை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் வாய் தண்ணீர் கேட்டதில்லை. யாராவது கொடுத்தால் குடிப்பான். கேட்க வாயெடுத்தால் தொண்டைக்குள் ஒரு கை வந்து பிடித்துக்கொள்ளும்.

இப்போது அவனுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அழுகையோடு ஒரு ஆறுதலும் வந்தது. சொன்ன சொல்லை நிறைவேற்ற விட்டிருக்கிறாள். முதல் முடறு அவளுக்குத்தான்.

ஊற்றினான். ஒரு நாளைக்கு ஒரு தரம் வெறுமையான போத்தல், பிறகு இரண்டு தரம் வெறுமையானது, பிறகு நாலு தரம். கம்பளி உறையில் அவள் தைத்த பக்கம், வெயில் படாத நேரத்திலும் உடம்புச் சூட்டில் இருந்தது. தக்கையின் உள்பக்கத்தில் மூச்சுப் பட்டதுபோல ஈரம் பூத்திருந்தது. மண்டைதீவு ஆமி முகாமிலிருந்து செல் வருகிற நாட்களில் நல்லூருக்குப் போக முடியாது. அந்த நாட்களில் தன்னுடைய பங்கை ஊற்றினான்.

பக்கத்து ஒழுங்கையில் இருந்த சிசிலியா, யசிந்தாவின் தங்கச்சி, சோறு கொண்டுவந்தபோது அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தான், உதடு வெடிச்சுப்போய்க் கிடக்கு. தண்ணி குடிக்கிறேல்லையோ?"

"குடிக்கிறன்."

"எதைக் குடிக்கிறியள்? கான் காய்ஞ்சு கிடக்கு." தன் வீட்டிலிருந்து மூக்குப்பேணி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "அக்கா இருந்தால் உங்களை இப்பிடி விட்டிருப்பாவோ?"

சிமியோன் வாங்கைப் பார்த்தான். உறையின் தையல் மெல்ல விரிந்து சுருங்கியதுபோல இருந்தது. சிசிலியா படலையைச் சாத்திக்கொண்டு போனதும் பேணித் தண்ணீரைப் போத்தலுக்குள் கவிழ்த்தான்.

வெள்ளிக்கிழமை செல் கூடுதலாக விழுந்தது. சிசிலியாவின் குடும்பம் செல் எட்டாத நீர்வேலிக்குப் போக வெளிக்கிட்டது. அவனையும் வரச்சொல்லிக் கெஞ்சினாள். நாளைக்கு வாறன் என்றான். போத்தலைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை. கானின் அடியில் கிடந்த கடைசித் தண்ணீரை மறுநாள் விடிய ஊற்றிவிட்டான்.

மத்தியானம்.

ஒழுங்கையில் சனம் இல்லை. காகம்கூட இல்லை. பேப்பரை விரித்து அதன்மேல் நிலத்திலேயே இருந்தான், முதுகைச் சுவரில் சாய்த்து. போத்தல் வாங்கின் விளிம்பில், கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. கடல் பக்கமிருந்து ஒரு விசில் சத்தம் கிளம்பி நீண்டு வந்தது.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

புழுதி. வெள்ளை வெளிச்சம். கூரை இருந்த இடத்தில் வானம். சுவரிலிருந்த இரும்புத் தொப்பி விழுந்து, சத்தமில்லாமல் உருண்டு போனது. காதுக்குள் ஒரு மணி விடாமல் அடித்தது.

நோவு இல்லை. தாகம்தான். இப்படியொரு தாகம் இருக்குமென்று அவன் அறிந்திருக்கவில்லை. நாக்கு மரத்துண்டாகக் கிடந்தது.

போத்தல் அசையாமல் நின்றது. எட்டி எடுத்தான்.

கனத்தது.

ஆட்டிப் பார்த்தான். உள்ளே தண்ணீர் அலை அடித்தது. நிறையத் தண்ணீர். அவன் ஊற்றிய அவ்வளவும்.

தக்கையை இழுத்தான். நல்லூர்க் கிணற்றின் குளிர்ந்த வாசம் முகத்தில் அடித்தது. வாயில் வைத்துக் கவிழ்த்தான்.

ஒரு சொட்டும் விழவில்லை.

மடி நனைந்தது. தையல் விட்டு ஒழுகுகிறது என்று நினைத்தான். தன்னுடைய கோணல் தையல். ஆனால் மடியில் ஊறியது குளிரவில்லை. சுட்டது. கீழே பார்க்கவில்லை. விரித்திருந்த பேப்பரில் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருந்தன.

மறுபடி போத்தலைத் தூக்கினான்.

மணிக்கட்டில் விரல்கள். ஈரமான விரல்கள். ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்த பெருவிரல். அது அவன் கையைப் பிடித்தது. நோகாமல். கீழே இறக்கியது. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுங்கோ, அப்பா." காதுக்குப் பக்கத்தில். எவ்வளவு அன்பாக. "இந்தா வந்திட்டுது. போய்க் குடிப்பம்."

அவன் இழுத்தான். விரல்கள் விடவில்லை. போத்தலுக்குள் தண்ணீர் ஆடியது. மூன்று வருடம் அடைத்துக் கிடந்த தொண்டை திறந்தது.

"யசிந்தா," என்றான், "ஒரு முடறு தாவன்."